புதுப்பிப்பு: நின்றுபோன ஜீவனாம்சம், சம்பள ஜப்தியில் வந்துவிட்டது

விவாகரத்துத் தீர்ப்பில் மாதம் 12,000 ரூபாய் என்று இருந்தும் முன்னாள் கணவர் 16 மாதமாகத் தரவில்லை, பாக்கியை எப்படி வாங்குவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"ஒரு வருஷம் தாண்டினால் பழைய பாக்கி போச்சு" என்று சிலர் சொன்னதில் தூக்கமே போயிற்று. கைகொடுத்தது, "எந்தச் சட்டத்தில் வந்த உத்தரவுன்னு முதல்ல பாருங்க அக்கா" என்ற பதில்தான். என்னுடையது இந்து திருமணச் சட்டம், பிரிவு 25. அந்த ஒரு வருஷக் கெடு குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி (பழைய சட்டத்தில் பிரிவு 125, இப்போதைய சட்டத்தில் பிரிவு 144) ஜீவனாம்ச உத்தரவு வாங்கி, பாக்கிக்கு வாரண்ட் கேட்பவர்களுக்கு. என்னுடையதை சிவில் டிகிரி (சிவில் கோர்ட்டின் தீர்ப்பாணை) போலவே நிறைவேற்றலாம், 12 வருஷம் அவகாசம்.

குடும்ப நல நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போட்டோம். அவருடைய கம்பெனிக்கே ஜப்தி உத்தரவு போனது. ஜீவனாம்ச டிகிரியில் சம்பளத்தின் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பாம், மீதியை ஜப்தி செய்யலாம். உத்தரவை மீறி அந்தப் பணத்தை அவரிடமே கொடுத்தால் கம்பெனியே பொறுப்பு.

எதிர்பாராதது இரண்டு. தீர்ப்பின் சான்றிட்ட நகல் கிடைக்கவே ஏழு வாரம் ஆனது. அதற்கு முதலிலேயே மனு போடுங்கள். பணமும் கோர்ட்டில்தான் கட்டப்படுகிறது, செக் பெட்டிஷன் (அந்தப் பணத்தை நமக்குத் தரச் சொல்லிக் கேட்கும் மனு) போட்டு எடுக்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை பாஸ்புக்கில் முதல் வரவு பதிந்தது. அங்கிருந்தே நேராகப் போய் பையனின் ஸ்கூல் பீஸைக் கட்டினேன்.