மணிக்கட்டு நாடி திரிபு உணரியில் பதியவில்லை

கேள்வி:
வணக்கம். கல்லூரித் திட்டப்பணிக்காகக் கார்பன் பிளாக் தூளைச் சிலிக்கோன் ரப்பரில் கலந்து, ஒரு மில்லிமீட்டர் தடிப்பில், இழுத்தால் நீளும் திரிபு உணரி (நீட்சி விகிதத்தை மின்தடை மாற்றமாகக் காட்டும் பட்டை) ஒன்றைச் செய்தேன். விரல் மூட்டில் ஒட்டி மடக்கினால் மின்தடை நன்றாக ஏறி இறங்குகிறது. மணிக்கட்டில் ஒட்டினாலோ, மெல்ல நழுவும் ஒரு கோட்டைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இன்னும் அதிகம் நீளும் பட்டையாகச் செய்ய வேண்டுமா?

பதில்:
வேண்டியதில்லை. மூட்டு மடங்கும்போது தோல் பல விழுக்காடு நீள்கிறது. தமனியின் மேலுள்ள தோலோ, துடிப்புக்கு ஒரு விழுக்காடுகூட நீள்வதில்லை. எனவே, மின்தடை மாறும் விழுக்காடு, திரிபின் விழுக்காட்டைப்போல எத்தனை மடங்கு என்பதைக் காட்டும் கேஜ் ஃபேக்டரைத்தான் கூட்ட வேண்டும். சாதாரண உலோகத் தகட்டு உணரியில் அது ஏறத்தாழ 2. 2014-இல் தென்கொரிய ஆய்வாளர்கள், சிலந்தியின் காலில் அதிர்வை உணரும் பிளவு உறுப்பை முன்மாதிரியாகக் கொண்டு, பாலிமர்ப் படலத்தில் 20 நானோமீட்டர் பிளாட்டினம் பூசி அதில் வேண்டுமென்றே நுண்விரிசல்களை உண்டாக்கினார்கள். விரிசல் விளிம்புகள் விலகியும் ஒட்டியும் மின்பாதையை மாற்றுவதால், 2 விழுக்காட்டுத் திரிபுக்குள்ளேயே கேஜ் ஃபேக்டர் 2000-ஐத் தாண்டியது. அது அதிகம் நீளாது. நாடிக்கு அது ஒரு குறையே அல்ல.

மற்றொரு பதில்:
தடிப்பையும் கவனியுங்கள். ஒரு மில்லிமீட்டர் பட்டை தோலோடு வளையாமல், துடிக்கும் இடத்தின் மேல் பாலம்போல நின்றுவிடும். அதைக் கால் பங்காகக் குறையுங்கள். நாடி பார்ப்பவர் விரலை அழுத்தியும் தளர்த்தியும் துடிப்புத் திடமாகப் படும் நிலையைத் தேடுவதுபோல, பட்டையையும் சற்று இழுத்துக் கட்டி, இறுக்கத்தை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். கோடு நழுவுவதற்கு, இழுத்து வைத்த ரப்பர் மெல்லத் தளர்வது ஒரு காரணம். மின்தடையை எதைக் கொண்டு அளக்கிறீர்கள்?

கேட்டவர்:
மல்டிமீட்டரில், ஐயா. நொடிக்கு மூன்று முறை எண் மாறுகிறது.

மற்றொரு பதில்:
அப்படியென்றால் உணரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அலைவடிவம் கிடைக்காது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்பது 1.2 ஹெர்ட்ஸ்தான், ஆனால் முதல் முகடும், பெருந்தமனி வால்வு மூடுவதையொட்டி இறங்கும் பக்கத்தில் வரும் சிறு பள்ளமும் ஒரே துடிப்புக்குள் அடங்கியிருப்பதால், நொடிக்கு 100 அளவீடாவது தேவை. சிறு மின்தடை மாற்றத்தை மின்னழுத்த மாற்றமாகக் காட்டும் வீட்ஸ்டன் சுற்றும் பெருக்கியும் வைத்து, கையை மேசையில் அசையாமல் வைத்து எடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. கால் மில்லிமீட்டர் பட்டையும் வீட்ஸ்டன் சுற்றும் வைத்தபின் முகடுகள் ஒழுங்காக வருகின்றன. பள்ளம் இன்னும் தெரியவில்லை. கட்டை விரலை அசைத்தால் எல்லாமே கலைந்துவிடுகிறது.