நுண்ணோக்கி ஒன்றா, மூன்றா? வியாசர்பாடிக் கூட்டத்தில் பேராசிரியை சொன்ன பொய்

மூலக்கொத்தளத்தான் | ஞாயிறு, இரவு 9.40

இன்று மாலை வியாசர்பாடி நூலகத்தில் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை ஒருவர் அரசின் கொள்கை, அறிவியல், சமத்துவம் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். கல்விக்கு 6 சதவீதம் தருவதாகச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார்கள், பாடநூலில் பரிணாமத்தை வெட்டிவிட்டார்கள், ஏழைப் பிள்ளைக்கு அறிவியல் எட்டாக்கனி என்றெல்லாம் அடுக்கினார். அதெல்லாம் அவர் பாடு. ஆனால் நடுவில் என் பள்ளியின் பெயரைச் சொல்லி, அங்கே உயிரியல் பிரிவில் 42 மாணவர்களுக்கு ஒரே ஒரு நுண்ணோக்கி என்றார். அரங்கமே உச்சுக் கொட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தப் பள்ளியில் 2004-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன் நான். அங்கே மூன்று நுண்ணோக்கிகள். மூன்று. அடையாறில் குடியிருந்துகொண்டு வடசென்னைக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் முதலில் எண்ணக் கற்றுக்கொள்ளட்டும்.

எண்ணூர்_அலை | இரவு 10.05

நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் உங்கள் காதில் விழுந்தது அந்த ஒரு வாக்கியம்தானா? எங்கள் பக்கத்தைப் பற்றிப் பேசினாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்தபோது பெரியகுப்பத்தில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காற்றில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லத் தெருவில் ஒரு கருவி கிடையாது, மூக்குதான் கருவி. ராக்கெட் விடுவது மட்டும் அறிவியல் கொள்கை ஆகாது, இந்த மூக்குக்குப் பதிலாக ஒரு மீட்டர் வைப்பதும் அதில் சேர்ந்ததுதான் என்றார். கைதட்டல் வந்தது அதற்குத்தான்.

மூலக்கொத்தளத்தான் | இரவு 10.08

அமோனியாவை நான் மறுத்தேனா? கேட்டது நுண்ணோக்கியைப் பற்றி. மூன்று.

புரசை_வாசகர் | இரவு 10.31

அம்மையாரின் மற்ற செய்திகளும் இதே லட்சணம்தான். பரிணாமத்தை எடுத்தது மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில். நம் மாநிலப் பாடநூலில் அதே வகுப்புக்கு உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாகவே இருக்கிறது. வியாசர்பாடிப் பிள்ளைக்கு என்ன நஷ்டம்? இல்லாத பாம்புக்கு மகுடி ஊதுகிறார்.

ராயபுரம்_1856 | இரவு 10.44

அதை எடுக்காதீர்கள் என்று 2023-இல் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினார்கள். எல்லோரும் மகுடிக்காரர்களா? அது கிடக்கட்டும், வியாசர்பாடிப் பிள்ளையின் லாப நஷ்டம் பார்க்கப் புரசைவாக்கத்திலிருந்து ஏன் வருகிறீர்கள்? மக்களவைத் தொகுதிப்படி நீங்கள் மத்திய சென்னை.

புரசை_வாசகர் | இரவு 10.52

பட்டாளம் மார்க்கெட் எனக்கு நடக்கும் தூரம். மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும்போது மட்டும் நாங்கள் வடசென்னை, பேச வந்தால் மத்திய சென்னையா?

ராயபுரம்_1856 | இரவு 10.55

பட்டாளம் வடக்கு. புரசைவாக்கம் வடக்கு இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை 1856-இல் அனுப்பி வைத்தவர்கள் நாங்கள். எல்லை எது என்று எங்களைக் கேளுங்கள்.

பழைய_புட்டி | திங்கள், காலை 6.15

அரசுக் கல்லூரி ஒன்றில் 31 ஆண்டுகள் ஆய்வக உதவியாளராக இருந்தவன் நான். செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் அந்தப் பள்ளியிலிருந்து ஆள் வரும். கண்ணாடிச் சில்லும் சாயமும் கொடுத்தனுப்புவேன். ஓரிரு முறை நேரில் போயும் பார்த்திருக்கிறேன்.

அந்த மர அலமாரியில் இருந்தது ஒரு கூட்டு நுண்ணோக்கி. பக்கத்தில் ஓர் எளிய நுண்ணோக்கி. அதாவது தாங்கியில் பொருத்திய பூதக்கண்ணாடி. செம்பருத்தியைப் பிரித்துச் சூலகம் பார்க்கலாம், செல் தெரியாது. மூன்றாவதும் கூட்டு நுண்ணோக்கிதான், ஆனால் கண்ணருகு லென்ஸில் பூஞ்சை. கடல் காற்று, மழைக்காலம் முழுக்கப் பூட்டியே கிடக்கும் அலமாரி. லென்ஸின்மேல் நூல் நூலாகப் படர்ந்துவிடும். வெங்காயத் தோலை வைத்துப் பார்த்த பிள்ளைகள் அந்த நூலையே செல் சுவர் என்று ரெக்கார்டு நோட்டில் வரைந்திருந்தார்கள். பென்சிலைக் கூராகச் சீவி, அவ்வளவு அழகாக வரைந்திருந்தார்கள். ஆசிரியர் சரி போட்டு, தேதியும் போட்டிருந்தார்.

ஆகவே நுண்ணோக்கி என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசி முடித்துக்கொண்டால் நல்லது.

மூலக்கொத்தளத்தான் | காலை 7.02

மிக்க நன்றி ஐயா. நீங்களே எண்ணிக் காட்டிவிட்டீர்கள். மூன்று.

பழைய_புட்டி | காலை 7.10

தம்பி, நான் அப்படிச் சொல்லவில்லை.

மூலக்கொத்தளத்தான் | காலை 7.12

கூட்டு, எளிய, பூஞ்சை. மூன்றா இல்லையா? கால் உடைந்த நாற்காலி நாற்காலி இல்லையா?

எண்ணூர்_அலை | காலை 7.30

உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

தண்டையார்பேட்டை_அம்மா | காலை 11.20

என் மகள் இப்போது அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. நீங்கள் ஒன்று என்கிறீர்கள், மூன்று என்கிறீர்கள். அவள் இந்த ஆண்டு ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. உயிரியல் ஆசிரியர் மாறுதலில் போய்விட்டார், ஜூலையிலிருந்து அந்த இடம் காலி. பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிக ஆசிரியையிடம் அலமாரிச் சாவியைத் தரமாட்டார்களாம். ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்கிறார்கள். பெண் நீட் எழுத வேண்டும் என்கிறாள். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். அதற்குள் நாங்கள் போவதெல்லாம் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கத்தான்.

மூலக்கொத்தளத்தான் | காலை 11.26

மகளைக் கேட்டுச் சொல்லுங்கள் அம்மா, அலமாரிக்குள் எத்தனை இருக்கின்றன?

புரசை_வாசகர் | பகல் 12.15

நீட்டை ஏன் இழுக்கிறீர்கள்? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறதே. அதற்கும் மேல் என்ன சமத்துவம் வேண்டும் பேராசிரியைக்கு?

எண்ணூர்_அலை | பகல் 12.40

2017-இல் நீட் வந்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு கை விரல்களில் எண்ணுகிற நிலை வந்ததால்தானே அந்த 7.5 தேவைப்பட்டது? காலை முறித்துவிட்டு ஊன்றுகோல் கொடுத்ததைக் கணக்கில் எழுதுகிறீர்கள்.

புரசை_வாசகர் | பகல் 12.47

அதற்கு முன்னாலும் கூட்டம் கூட்டமாக ஒன்றும் போகவில்லை. அப்போதும் சில பத்துப் பேர்தான்.

ராயபுரம்_1856 | பகல் 1.05

அதைத்தானே அந்த அம்மாவும் சொன்னார்? அடியிலேயே பணம் போடவில்லை என்று. 1964-66 கோத்தாரி குழு 6 சதவீதம் என்றது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 என்கிறது. தாத்தா காலத்து வாக்குறுதிக்குப் பேரன் காலத்தில் புது அட்டை போட்டிருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கோ 2020-21 கணக்குப்படி நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்.

புரசை_வாசகர் | பகல் 1.20

தமிழ்நாடு 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு மட்டும் 46,767 கோடி ரூபாய். மொத்தச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல். ஆறைத் தாண்டி எங்கேயோ போய்விட்டோம்.

ராயபுரம்_1856 | பகல் 1.24

அந்த ஆறு நாட்டு உற்பத்தியில். நீங்கள் சொல்வது மாநில பட்ஜெட்டில். படியையும் முழத்தையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள்.

புரசை_வாசகர் | பகல் 1.26

சதவீதம் என்றால் சதவீதம்தான்.

எண்ணூர்_அலை | பகல் 1.33

அந்த 46,767-ஐப் பற்றிப் பெருமைப்படுகிறவர், சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-க்கு வரவேண்டிய 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்ததையும் சேர்த்து எழுதலாம். பி.எம். ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்றார்கள். பிள்ளையின் சோற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்பனோடு சண்டை போடுவது எந்த ஊர் நியாயம்?

மூலக்கொத்தளத்தான் | பகல் 1.35

ஆறோ அறுபதோ, நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பேராசிரியை ஒன்று என்றார். இருப்பது மூன்று.

எண்ணூர்_அலை | பகல் 1.41

கடைசியாக அந்த அலமாரியை எப்போது பார்த்தீர்கள்? 2004-இலா?

மூலக்கொத்தளத்தான் | பகல் 1.44

இந்த ஜனவரியில், பழைய மாணவர் சந்திப்பின்போது. ஆய்வகம் பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ராயபுரம்_1856 | பகல் 1.50

அந்தச் சந்திப்பா! தலைக்கு 800 ரூபாய் வாங்கிக்கொண்டு, இரண்டு மணிக்கு வந்தவர்களுக்குப் பிரியாணி தீர்ந்துவிட்டது என்று தயிர்சாதம் போட்டீர்களே, அதுதானே? மீதிப் பணத்தின் கணக்கு இன்னும் வரவில்லை. அந்தப் பணத்தில் இன்னொரு நுண்ணோக்கி வாங்கியிருந்தால் உங்களுக்கு நான்காவது கிடைத்திருக்கும்.

மூலக்கொத்தளத்தான் | பகல் 2.10

நீங்கள் எங்கள் பள்ளியே இல்லை. மைத்துனரோடு சாப்பிட வந்தவருக்குக் கணக்கு எதற்கு? பந்தல்காரருக்குக் கொடுத்தது போக மீதி வங்கியில் இருக்கிறது. ரசீதும் இருக்கிறது.

இப்போது எல்லோருக்குமாகச் சொல்கிறேன். முதல் வேலைக்கான நேர்காணலில் எந்த ஏரியா என்று கேட்டார்கள். மூலக்கொத்தளம் என்றேன். கேட்டவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த இடத்தில் பாரிமுனைக்குப் பக்கம் என்று சொன்னேன், கிடைத்தது. எங்களைப் பற்றி ரவுடி என்று சொல்லியாகிவிட்டது, கொடுங்கையூர்க் குப்பைமேடு என்று சொல்லியாகிவிட்டது. இப்போது மைக்கைப் பிடித்து ஒற்றை நுண்ணோக்கிக்காரர்கள் என்றும் சொல்ல வேண்டுமா? செய்முறைத் தேர்வன்று 41 பேருக்குப் பின்னால் நின்று, என் முறை வந்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். செல் தெரிந்தது. செங்கல் அடுக்கியதுபோல் தெரிந்தது. பூஞ்சை எல்லாம் இல்லை.

எண்ணூர்_அலை | பகல் 2.25

பேனாவைக் கீழே வைத்தவர்மேல் வரவேண்டிய கோபத்தை 20 ஆண்டு கழித்துப் பேராசிரியைமேல் கொட்டுகிறீர்கள். அப்புறம், 41 பேருக்குப் பின்னால் நின்றேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களையும் சேர்த்தால் 42. ஒரே வரிசை. மூன்று இருந்தால் மூன்று வரிசை அல்லவா நின்றிருக்க வேண்டும்?

மூலக்கொத்தளத்தான் | பகல் 2.27

வரிசையை ஒழுங்குபடுத்தியது ஆசிரியர். இருந்தது மூன்று.

பழைய_புட்டி | மாலை 4.00

பூஞ்சை தீராத நோய் அல்ல. ஈதரும் ஆல்கஹாலும் கலந்து, பஞ்சைக் குச்சியில் சுற்றி, நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைத்தால் பாதிக்கு மேல் போய்விடும். கை நடுக்கம் இருந்தாலும் அந்த வேலை எனக்கு இன்னும் வரும். சனிக்கிழமை காலை வருகிறேன். சாவி யாரிடம் இருக்கிறது?

புரசை_வாசகர் | மாலை 4.12

பார்த்தீர்களா, ஒரு பெரியவர் பஞ்சோடு சரிசெய்கிற விஷயத்துக்கு மத்திய அரசின் கொள்கை வரை போய்விட்டார் பேராசிரியை.

ராயபுரம்_1856 | மாலை 4.15

ஓய்வூதியக்காரர் சொந்தப் பஞ்சோடு வரவேண்டியிருக்கிறது என்பதுதானே அவர் சொன்னது? மத்திய சென்னைக்கு இதெல்லாம் புரியாது.

மூலக்கொத்தளத்தான் | மாலை 5.30

இதோ, ஜனவரியில் ஜன்னல் வழியாக எடுத்த படத்தையும் போட்டுவிட்டேன். இனி யாரும் வாய் திறக்கக் கூடாது.

எண்ணூர்_அலை | மாலை 5.38

இரண்டுதான் தெரிகின்றன. ஓரத்தில் பச்சைத் துணி போர்த்திய ஏதோ ஒன்று இருக்கிறது.

மூலக்கொத்தளத்தான் | மாலை 5.39

அதுதான் மூன்றாவது.

ராயபுரம்_1856 | மாலை 5.41

பியூரெட் தாங்கி. வேதியியல் சாமான்.

பழைய_புட்டி | மாலை 5.50

சாவி யாரிடம் என்று கேட்டேன்.

மூலக்கொத்தளத்தான் | மாலை 5.52

பெரிதாக்கிப் பாருங்கள். துணிக்குள்ளே கழுத்து வளைவு தெரிகிறது. பியூரெட் தாங்கிக்கு ஏது கழுத்து?

புரசை_வாசகர் | மாலை 6.03

எனக்கு என்னவோ நான்கு தெரிகிறது.