குடும்ப டாக்டருக்கு யார் காசு கொடுப்பது? மும்பைத் தமிழர்களே, உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கோலிவாடா டாக்டர்:

வணக்கம். சயான் கோலிவாடாவில் கிளினிக் வைத்திருக்கிறேன், குடும்ப மருத்துவர். நம் ஆட்கள் இந்தப் பக்கம் நிறைய இருப்பதால் தமிழிலேயே கேட்கிறேன். குடும்ப டாக்டருக்கு எப்படிப் பணம் போய்ச் சேர வேண்டும் என்று அரசாங்கத்திடமோ இன்சூரன்ஸ்காரர்களிடமோ போய்ப் பேசிய டாக்டர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? நோயாளியாக இருந்து இதனால் நல்லதோ கெட்டதோ பார்த்திருக்கிறீர்களா? முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஏரியா டாக்டர்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து சில வருடங்களாக மனு கொடுத்துக்கொண்டு வருகிறோம். கேட்பது இதுதான். 2018 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு வந்தது, ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பெரிய விஷயம், நான் குறை சொல்லவில்லை, என் நோயாளிகள் பலர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த அட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் செல்லும். ஒரு சர்க்கரை நோயாளி மாதாமாதம் என்னிடம் வந்து, நான் காலைத் தொட்டுப் பார்த்து, மாத்திரையைக் கூட்டியோ குறைத்தோ கொடுத்து, செருப்பு மாற்றச் சொல்லி, அவர் மனைவியை உட்கார வைத்து என்ன சமைப்பது என்று பேசி அனுப்பினால் அதற்கு அந்த அட்டையில் ஒரு ரூபாய் கிடையாது, முழுக்க அவர் கையிலிருந்து வர வேண்டும். அதே மனிதர் வேலை போய், கையில் காசில்லாமல் நாலைந்து மாதம் வராமல் இருந்து, கால் புண் அழுகி விரலை எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டால் அட்டை செல்லும். விரலைக் காப்பாற்றப் பணமில்லை, எடுக்கப் பணம் இருக்கிறது. என் கண் முன்னால் இது நடந்திருக்கிறது, ஒருவருக்கு மட்டும் இல்லை.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். ஓபிடிக்கு, அதாவது ஆஸ்பத்திரியில் சேராமல் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போவதற்கு, பணம் கொடுக்க ஆரம்பித்தால் நாளைக்கே ஒவ்வொரு கிளினிக்கும் தினம் இருநூறு பேரைப் பார்த்ததாகக் கணக்கு எழுதும், யார் போய்ச் சரிபார்ப்பது என்று கேட்டார். நியாயமான பயம். டெல்லி அரசின் மொகல்லா கிளினிக்கில், அதாவது பேட்டைக் கிளினிக்கில், டாக்டர்களுக்குத் தலைக்கு 40 ரூபாய் என்று கொடுத்தார்களே, அங்கேயும் இந்தப் பேச்சு எழுந்தது. தலை எண்ணிக் காசு கொடுத்தால் தலையைத்தான் எண்ணத் தோன்றும், ஒரு நோயாளிக்கு இருபது நிமிடம் செலவழிக்கும் டாக்டர் நஷ்டப்படுவார்.

அப்போது எங்களில் மூத்த டாக்டர் ஒருவர் டிபியை, அதாவது காசநோயை, உதாரணமாக எடுத்துக் காட்டினார். எனக்குப் பிறகும் அது மனதிலேயே நின்றது. 2018லிருந்து, தனியார் டாக்டர் ஒரு காசநோயாளியை நிக்ஷய் என்ற அரசாங்கக் காசநோய்ப் பதிவேட்டில் பதிவு செய்தால் 500 ரூபாய், சிகிச்சை முடிந்து என்ன ஆனது என்று தெரிவித்தால் இன்னொரு 500. தொகை சின்னதுதான். ஆனால் அந்த இரண்டாவது ஐந்நூறைக் கவனியுங்கள். ஊசிக்கும் இல்லை, பார்த்த தடவைக்கும் இல்லை, அந்த ஆளை ஆறு மாதம் விடாமல் பிடித்துவைத்திருந்ததற்கு. இரண்டு நாள் மாத்திரை எடுக்கவில்லை என்றால் போன் போட்டதற்கு, ஊருக்குப் போகிறேன் என்றவரை அங்கே எந்த சென்டரில் மாத்திரை வாங்குவது என்று சொல்லி அனுப்பியதற்கு. நம் ஆட்கள் பொங்கலுக்குத் திருநெல்வேலிக்கு ரயில் ஏறினால் திரும்பி வர ஒரு மாதம் ஆகும் என்பது இங்கே எல்லா டாக்டருக்கும் தெரியும். சர்க்கரைக்கும் பிபிக்கும் ஏன் இதே மாதிரி கொடுக்க முடியாது என்று அவர் கேட்டார். அதிகாரி எழுதிக்கொண்டார். பதில் இன்னும் வரவில்லை, நாங்களும் விடப் போவதில்லை.

நாட்டில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் மக்கள் நேராகக் கையிலிருந்து கொடுப்பது 2013-14ல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22ல் 39.4க்கு இறங்கியிருக்கிறது என்று அரசாங்கக் கணக்கு சொல்கிறது. நல்லது. மீதி இருக்கும் அந்த 39ல் மருந்தும் வெளிநோயாளிச் செலவும்தான் பெரும் பங்கு. 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஆரம்ப நிலை மருத்துவத்துக்குப் போக வேண்டும் என்று அவர்களேதான் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் புதிதாக எதுவும் கேட்கவில்லை.

மில்காரர் மகன்:

டாக்டரம்மா, நீங்கள் கேட்பது மும்பையில் ஏற்கெனவே இருந்தது. அப்பா பரேல் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்தார், நாங்கள் தாராவியில் இருந்தோம். ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டு கார்டு இருக்கும், அதில் ஒரு டாக்டர் பேர் இருக்கும். பேனல் டாக்டர் என்போம். அவர் அரசாங்க டாக்டர் இல்லை, தெருவில் சொந்த டிஸ்பென்சரி வைத்திருக்கும் சாதாரணக் குடும்ப டாக்டர். அவரிடம் எத்தனை தொழிலாளி பேர் பதிந்திருக்கிறதோ அத்தனை பேருக்கும் வருடத்துக்கு இவ்வளவு என்று ஈஎஸ்ஐயிலிருந்து அவருக்கு வரும். நாங்கள் போனாலும் அதே பணம், போகாவிட்டாலும் அதே பணம்.

எங்களுக்கு அது நன்றாக இருந்தது. அம்மாவுக்கு இழுப்பு, அவருக்கு எல்லாம் மனப்பாடம். அக்கா பிரசவத்துக்கு எங்கே போவது என்பதைக்கூட அவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்தோம். ஆனால் குறையையும் சொல்லியாக வேண்டும். கூட்டம் கூட்டமாக ஆள் நிற்கும், பாதிப் பேர் லீவு சர்ட்டிபிகேட்டுக்கு வந்தவர்கள், யாருக்கானாலும் அதே சிவப்பு மிக்ஸ்சர் என்று பேச்சு இருந்தது. காசு கொடுத்து வரும் ஆளை முதலில் கூப்பிட்டுக் கார்டுக்காரனைப் பெஞ்சில் உட்கார வைக்கும் டாக்டர்களும் இருந்தார்கள். எங்கள் டாக்டர் அப்படி இல்லை.

1982 ஜனவரியில் மில் ஸ்டிரைக் ஆரம்பித்தது. அதற்கப்புறம் மில்லும் போச்சு, கார்டும் போச்சு. வேலையோடு சேர்ந்து டாக்டரும் போய்விடுவார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் கொஞ்ச காலம் அப்பாவிடம் காசு வாங்காமல் பார்த்தார், ஆனால் எத்தனை குடும்பத்துக்கு ஒருவர் அப்படிச் செய்ய முடியும்? அதனால் நீங்கள் எது கேட்டாலும் வேலையோடு முடிச்சுப் போடாதீர்கள், டாக்டரம்மா. இப்போதும் ஈஎஸ்ஐக்குச் சம்பளம் 21,000க்குள் இருக்க வேண்டும். என் மகன் ஓவர்டைம் இல்லாமலேயே அதைத் தாண்டிவிட்டான், வெளியே வந்துவிட்டான்.

அந்தேரி:

நான் இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கும் ஆபீசில் வேலை செய்கிறேன், அதனால் அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். பெரும்பாலான பாலிசியில் 24 மணி நேரம் அட்மிட் ஆகியிருக்க வேண்டும், கண்புரை, டயாலிசிஸ் மாதிரி டேகேர் சமாச்சாரங்கள் மட்டும் விதிவிலக்கு. இதனால் என்ன நடக்கிறது தெரியுமா? இரண்டு நாள் காய்ச்சலுக்கு வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடிய ஆளை அட்மிட் பண்ணுகிறார்கள், கிளெய்ம் வர வேண்டும் என்பதற்காக. ஃபைலைப் படித்தாலே எனக்குத் தெரிந்துவிடும். 300 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது முப்பதாயிரமாக என் மேஜைக்கு வருகிறது.

ஓபிடி பில்லை ஒவ்வொன்றாகப் பார்ப்பது கம்பெனிக்குக் கட்டாது, அது உண்மை. 200 ரூபாய் பில்லைச் சரிபார்க்க ஆகும் செலவு அந்த 200ஐத் தாண்டிவிடும். அதனால் பில்லே வேண்டாம், குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு கிளினிக்குக்குக் கொடுத்துவிடுங்கள், அந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் தேவையில்லாமல் அட்மிட் ஆனார்கள் என்று மட்டும் வருடக் கடைசியில் பாருங்கள் என்று நான் உள்ளுக்குள்ளேயே ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன். மேலே போனது. அதற்கப்புறம் என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை.

செம்பூர் பாட்டி:

எனக்கு 74 வயது. 2024 அக்டோபரில் 70 வயதுக்கு மேல் எல்லாருக்கும் ஆயுஷ்மான் அட்டை என்றார்கள், பேரன் உடனே போனிலேயே எடுத்துக் கொடுத்தான். சந்தோஷம். ஆனால் எனக்கு வேண்டியது பிபி மாத்திரையும், மாதம் ஒரு தடவை எங்கள் டாக்டரைப் பார்ப்பதும்தான். அதற்கு அட்டை உதவாது என்று அவரே சொல்லிவிட்டார். அவர் என்னிடம் அரைக் காசுதான் வாங்குகிறார். எனக்கு அது சங்கடமாக இருக்கிறது, அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

தானே குமார்:

இங்கே மட்டும்தான் இந்தக் கூத்து என்று நினைக்காதீர்கள். என் மச்சான் நியூஜெர்சியில் ஃபேமிலி டாக்டர். அங்கே மெடிகேர் என்ற, முதியவர்களுக்கான அரசாங்கக் காப்பீடு 1992லிருந்து ஒவ்வொரு வேலைக்கும் புள்ளி போட்டுத்தான் காசு கொடுக்கிறது. எந்த வேலைக்கு எத்தனை புள்ளி என்று பரிந்துரைக்கும் கமிட்டியில் ஸ்பெஷலிஸ்டுகள்தான் அதிகம், அதனால் அறுப்பதற்கும் குழாய் விடுவதற்கும் புள்ளி ஏறியது, உட்கார்ந்து பேசி யோசிப்பதற்கு ஏறவில்லை என்பது மச்சானின் ரொம்ப நாள் மனக்குறை.

ஒரே நோயாளியைத் தொடர்ந்து பார்த்துப் பொறுப்பெடுப்பதற்கு என்றே பில்லில் போட ஒரு தனிக் கட்டணக் குறியீடு கேட்டு அங்கே குடும்ப மருத்துவர்கள் போராடினார்கள், ஜி2211 என்று அதற்குப் பெயர். 2021ல் வர வேண்டியது. மொத்தப் பணம் அதேதான் என்பதால் ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறையும், அறுவை சிகிச்சைக்காரர்கள் எதிர்த்தார்கள், நாடாளுமன்றமே மூன்று வருடம் தள்ளிவைத்தது. கடைசியில் 2024 ஜனவரி 1ல் அமலுக்கு வந்தது. ஒரு விசிட்டுக்குச் சுமார் 16 டாலர். இதற்காக மச்சான் வாஷிங்டன் போய் அவர் தொகுதி எம்பி ஆபீசில் உட்கார்ந்து பேசினார். எம்பியைப் பார்க்க முடியவில்லை, ஒரு சின்னப் பெண் உதவியாளர்தான் வந்தாளாம். அவள் அம்மாவுக்கு வாதநோய், அதனால் நாலு டாக்டரிடம் அலைந்துகொண்டிருக்கிறாள், இவர் சொன்னது அவளுக்கு உடனே விளங்கிவிட்டதாம். புள்ளிவிவரம் கொண்டுபோன தாளை அவள் திறக்கவே இல்லை என்று மச்சான் சொன்னார். டாக்டரம்மா, அடுத்த தடவை நீங்கள் போகும்போது அந்தக் கால் விரல் போன நோயாளியையோ அவர் மனைவியையோ, அவர்கள் சம்மதித்தால், கூட்டிக்கொண்டு போங்களேன்.

தொண்ணூறடி ரோடு:

தாராவியைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். 2020 ஏப்ரல் 1ந்தேதி இங்கே முதல் கொரோனா கேஸ். அந்த வாரம் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரே கக்கூஸை எத்தனை குடும்பம் பயன்படுத்துகிறது என்று ஊரெல்லாம் டிவியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது மாநகராட்சியோடு சேர்ந்து சந்து சந்தாக வந்தது யார்? எங்கள் ஏரியாவிலேயே கிளினிக் வைத்திருக்கும் தனியார் டாக்டர்கள்தான். அந்தக் கொரோனா கவச உடுப்பைப் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் வந்தார்கள். வெளியிலிருந்து வந்த குழுவுக்குக் கதவைத் திறக்காத எங்கள் சித்தி, எங்கள் டாக்டர் குரல் கேட்டதும் திறந்தாள். அவர் பத்து வருடமாக அவள் பிள்ளைகளுக்கு ஊசி போட்டவர், அதனால்தான். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவி பேரைச் சொன்னார்.

அப்புறம்? அந்த நம்பிக்கையை எந்தத் திட்டத்திலும் யாரும் சேர்க்கவில்லை. எங்கள் டாக்டர் இப்போதும் மருந்தோடு சேர்த்து 100, 120 வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாடகை ஏறிக்கொண்டே போகிறது. மகள் எம்பிபிஎஸ் படிக்கிறாள், இந்தத் தொழிலுக்கு வர மாட்டேன், ரேடியாலஜி எடுப்பேன் என்கிறாளாம். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனது வரவில்லை.

கோலிவாடா டாக்டர்:

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க இதை முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

தொண்ணூறடி ரோடு சொன்ன அந்த 120 ரூபாயிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருமானம் போதாது என்கிற இடத்தில்தான் 'கட்', அதாவது கமிஷன், நுழைகிறது. ஸ்கேனுக்கு அனுப்பினால் இவ்வளவு, ஆபரேஷனுக்கு அனுப்பினால் இவ்வளவு. நான் வாங்குவதில்லை, ஆனால் கவர் என் கிளினிக்குக்கும் வந்திருக்கிறது. மகாடில் இருக்கும் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், தேள்கடி சிகிச்சைக்குப் பேர் போனவர், 2013ல் தனக்கு வந்த 1,200 ரூபாய் செக்கைச் சும்மா திருப்பி அனுப்பிவிட்டு விடாமல் மெடிக்கல் கவுன்சிலுக்கே புகார் எழுதினார். 2017ல் மகாராஷ்டிர அரசு கமிட்டி போட்டு இந்தக் கமிஷனைத் தடுக்க ஒரு சட்ட வரைவும் தயாரித்தது. சட்டமாகவில்லை. வந்தாலும் பாதி வேலைதான் ஆகும் என்பது என் எண்ணம். நேர்மையாகப் பார்க்கும் டாக்டருக்கு நேர்வழியில் வருமானம் வந்தால்தான் அந்தக் கவரை மேஜைக்குக் கீழே வைக்க வருபவனுக்குப் பேச்சே இருக்காது.

மில்காரர் மகன் அண்ணே, வேலையோடு முடிச்சுப் போடாதீர்கள் என்றீர்களே, அது எங்கள் மனுவில் இல்லை, சேர்க்கிறேன். ரேஷன் கார்டு இருக்கும் குடும்பம் எதுவானாலும் ஒரு டாக்டரிடம் பதியலாம், வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்போம். மாற்றும் உரிமை இருந்தால் பெஞ்சில் உட்கார வைக்கும் டாக்டரைவிட்டு ஆள் போய்விடும். அந்தேரிக்காரரே, தேவையில்லாத அட்மிஷன் கணக்கைப் பற்றி உங்களிடம் விரிவாகப் பேச வேண்டும், கம்பெனி பேர் எதுவும் வேண்டாம். பாட்டிம்மா, உங்கள் டாக்டரிடம் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள்.

குமார் சொன்ன மாதிரி அந்த நோயாளியின் மனைவியிடம் கேட்டேன். வருகிறேன் என்கிறார். அவருக்கு மராத்தி பேசத் தயக்கம், தமிழில்தான் பேசுவேன் என்கிறார், பக்கத்தில் நின்று நான் அதை மராத்தியில் சொல்லிக்கொள்கிறேன்.

மில்காரர் மகன்:

நான் முனிசிபல் ஸ்கூலில் மராத்தி மீடியம் படித்தவன் டாக்டரம்மா. மனுவைத் தமிழில் எழுதி அனுப்புங்கள், மராத்தியில் நான் எழுதித் தருகிறேன். அந்த அம்மா பேசுவதையும் நானே வந்து சொல்கிறேன், தேதியை மட்டும் சொல்லுங்கள்.