மக்சிமா கேட்ட கேள்வி

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். பயிற்சித்தாள்களையும் விடைகளையும் நானே தயாரிப்பேன். முன்பு ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த சீடியில் இருந்து, விலைகூடிய கணித மென்பொருள் ஒன்றைக் கள்ளப் பிரதியாகப் போட்டிருந்தேன். கூடவே வந்த வைரஸ் மூன்று வருடத் தாள்களைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு, உரிமத்தோடு இலவசமாகக் கிடைப்பதை மட்டுமே தேடினேன்.

முதலில் ஒக்டேவ் (Octave), எண்களாகவே கணித்துத் தரும் இலவச மென்பொருள். பெரிய தாயங்களை (matrices) நொடியில் தீர்த்துத் தரும். ஆனால் ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.3333 என்றுதான் காட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியது 1/3, √3/2, π/6 போன்ற சரியான பெறுமானங்கள். பொறியியல் படிக்கும் பழைய மாணவி ஒருத்தி, "சேர், மக்சிமாவைப் போட்டுப் பாருங்கோ" என்றாள். மக்சிமா (Maxima) என்பது குறியீடுகளாகவே கணக்குச் செய்யும் இலவச மென்பொருள். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தொடங்கிய Macsyma என்ற மென்பொருளின் வழிவந்தது அது. பின்னம் பின்னமாகவே நிற்கிறது. இணையமும் தேவையில்லை, 2022 மின்வெட்டு நாட்களில், லப்டொப்பில் சார்ஜ் இருந்த வரைக்கும் வேலை ஓடியது.

ஒருநாள் வகுப்பில், 'ஒன்றின் கீழ் எக்ஸ் வர்க்கம் சக ஏ', அதாவது 1/(x² + a) என்பதைத் தொகையிடக் கொடுத்தேன். விடை வரவில்லை. ஏ நேரா, மறையா என்று அது திருப்பிக் கேட்டது. நேர் என்றதும் நேர்மாறு டான் வந்தது. மறை என்றதும் மடக்கை வந்தது. நான் பல வருடமாகத் தொண்டை வற்றச் சொல்லியும் பிடிபடாத இடம் அது. பின்வரிசையில் இருந்த ஒரு பெடியன் எழும்பி, "அப்ப பூச்சியம் என்றால், சேர்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகவே எனக்கு மக்சிமாவை விட மனமில்லை.

ஒன்று கவனியுங்கள். அது தொகையீட்டு மாறிலியை எழுதாது. மடக்கைக்குள் மட்டுக்குறியும் (| |) போடாது. பிள்ளைகள் அப்படியே பார்த்து எழுதினால் புள்ளி போய்விடும்.

சமன்பாடு எழுத லிப்ரேஒபிஸ் (LibreOffice) என்ற இலவச அலுவலக மென்பொருள் போதும். பின்னத்துக்கு 'ஓவர்' (over) என்று ஆங்கிலத்தில் அடித்தால் கோடு விழும், மேலும் கீழும் தானாக அமையும். கட்டளைகளை அடித்துத் தாள் அமைக்கும் லாடெக்கின் (LaTeX) அச்சு இதைவிட அழகுதான். ஆனால் தமிழும் கலந்து எழுத, அதன் சீலாடெக் (XeLaTeX) போன்ற ஒரு வடிவமும் யூனிகோட் தமிழ் எழுத்துருவும் வேண்டும். எனக்கு அது கைவர ஒரு விடுமுறை முழுக்கப் பிடித்தது. நாளைக்கே தாள் கொடுக்க வேண்டியவர்கள் லிப்ரேஒபிஸில் தொடங்குங்கள்.