மிக்-29க்கு எந்தச் சாம்பல்? சோவியத் விமான நிறங்கள் பற்றி உதவி தேவை

உப்புவெளியான்:

வணக்கம் உறவுகளே. 1/72 அளவில் மிக்-29 பிளாஸ்ரிக் மொடல் ஒன்று பொருத்தி முடித்து, இணைப்பு வரிகளைத் தேய்த்து, பிரைமரும் அடித்தாயிற்று. நிறத்தில் வந்து நிற்கிறேன். பெட்டியோடு வந்த தாள் மேலே வெளிர் சாம்பல், அதன்மேல் பச்சை கலந்த சாம்பல் திட்டுகள் என்கிறது. அதே விமானத்துக்கு வேறொரு கம்பனியின் தாளைப் பார்த்தால் அந்தச் சாம்பல் கிட்டத்தட்ட நீலம். 1986 ஜூலையில் பின்லாந்தின் குவோப்பியோவுக்குப் போன மிக்-29களில் ஒன்றைச் செய்யத்தான் ஆசை, ஆனால் அந்தப் படங்களைத் தேடி எடுத்துப் பார்த்தால் ஒன்றில் திட்டுகள் பச்சையாக இருக்கின்றன, மற்றதில் மண்ணிறம்.

அமெரிக்க விமானம் என்றால் எஃப்எஸ் எண்ணை, அதாவது அந்த நாட்டு அரசின் நிற அட்டை எண்ணைப் பார்த்துப் போத்தலை வாங்கிவிடலாம். சோவியத்துக்கு அப்படி எண் எங்கே இருக்கிறது? ரஷ்யத் தளமொன்றில் விமானப் பெயின்ற் என்று ஈபி-140 எனப் போட்டிருந்தார்கள். அதுதான் நிறத்தின் எண்ணா?

அடுத்ததாக மிக்-21பிஸ் ஒன்றும் காத்திருக்கிறது. விமானி அறையின் அந்த நீலப்பச்சையை எப்படிக் கலப்பது என்றும் சொன்னால் நல்லது. என்னிடம் இருப்பது தமியா அக்ரிலிக் மட்டும். நான் இருப்பது திருகோணமலை, நினைத்த போத்தல் நினைத்த நேரத்தில் கிடைக்காது, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:

தம்பி, ஈபி-140 நிறத்தின் எண் இல்லை, பெயின்ற் வகையின் எண். முதலில் வரும் ரஷ்ய எழுத்துகள் அது எந்தப் பிசினால் ஆனது என்பதைச் சொல்கின்றன. ஈபி என்றால் எபொக்ஸி. ஹெச்வி-518 என்று பார்த்தீர்கள் என்றால் அது பெர்குளோரோவினைல், ஏகே-113 என்றால் அக்ரிலிக் வகை லெக்கர். கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம் அதன் வேலை: 1 என்றால் வெயில் மழைக்குத் தாங்குவது, 5 என்றால் விசேட தேவைக்கு, 0 என்றால் பிரைமர். மிச்ச இலக்கங்கள் வரிசை எண். ஆக ஈபி-140 என்பதைப் படித்தால் 'வெளியில் தாங்கும் எபொக்ஸி, வரிசையில் 40' என்று வருமே தவிர, அது சாம்பலா பச்சையா என்று ஒரு சொல்லும் இல்லை. அதே ஈபி-140 பல நிறங்களில் வரும்.

அமெரிக்காவின் எஃப்எஸ் 595 அப்படியே மறுபக்கம். 1956இல் வந்த அந்த அட்டையில் 36375 என்றால் 3 மினுக்கமில்லாதது, 6 சாம்பல் குடும்பம், பிறகு சாயலின் எண். பிசின் எது என்று அதற்குக் கவலையில்லை, கண்ணுக்கு என்ன தெரியவேண்டும் என்பதுதான் அதில் இருக்கிறது. அதனால்தான் எஃப்-16 செய்பவனுக்கு வேலை சுலபம், மிக் செய்பவனுக்குத் தலையிடி.

இன்னொன்று, பழுதுபார்க்கும் தொழிற்சாலைக்குப் போன விமானம் அங்கே மறுபடி பூசப்பட்டு வரும். படைத்தளத்திலும் உரிந்த இடத்தைத் தூரிகையால் தொட்டுவிடுவார்கள். ஒரே படைப்பிரிவின் இரண்டு மிக்-29களே பக்கத்தில் நிற்கும்போது ஒத்துப்போகாது. எனவே "மிக்-29இன் சாம்பல்" என்று ஒன்றைத் தேடாதீர்கள். எந்த இலக்கமுள்ள விமானம், எந்த ஆண்டு, எந்தப் படம் என்று முடிவெடுங்கள், அந்தப் படத்துக்குக் கலவுங்கள். போத்தலில் எழுதியிருக்கும் "சோவியத் சாம்பல்" அந்தக் கம்பனி தன் கண்ணால் பார்த்துச் சொன்ன முடிவு. சிலது நல்ல முடிவு, ஸ்லோவாக்கியாவின் மிஸ்டர் பெயின்ற், ரஷ்யாவின் அகான் இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனாலும் அது ஒரு முடிவுதான்.

கடலோரம்72:

படம் என்று சொன்னதும் நான் வந்துவிட்டேன். குவோப்பியோப் படங்கள் பிலிமில் எடுத்தவை, அதைப் புத்தகத்தில் அச்சடித்து, பிறகு யாரோ ஸ்கான் செய்து, உங்கள் போனில் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு படியிலும் நிறம் கொஞ்சம் நகரும். பச்சைச் சாம்பலும் மண்ணிறச் சாம்பலும் ஒன்றுக்கொன்று மிகக் கிட்ட இருப்பதால் கொஞ்சம் நகர்ந்தாலே ஒன்று மற்றதாகிவிடும். அதுதான் உங்களைக் குழப்புகிறது.

நான் செய்வது இது. வால் சிறகில் இருக்கும் சிவப்பு நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வரி ஓடும். அந்த வெள்ளையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்தால் படத்தை ஓரளவு நம்பலாம். மஞ்சளடித்தால் முழுப்படமும் மஞ்சள் பக்கம் சாய்ந்திருக்கிறது, உங்கள் பச்சை மண்ணிறமாகத் தெரிவதற்கு அதுவே போதும். போனிலேயே அந்த வெள்ளையை வெள்ளையாக்கித் திருத்திவிட்டுத் திட்டுகளைப் பாருங்கள், நிறைய மாறும். டயர் கறுப்பு, ஓடுபாதைக் கொங்கிறீற் இரண்டையும் அதே மாதிரிச் சரிபார்க்கலாம்.

ஜேர்மனி 1990இல் கிழக்கு ஜேர்மனியிடமிருந்து பெற்ற 24 மிக்-29களின் படங்கள் இணையத்தில் அழகாக, தெளிவாக நிறைய இருக்கும். அவை பிறகு ஜேர்மன் சாம்பலுக்கு மாறியவை, வெளி நிறத்துக்கு அவற்றைப் பார்க்கவே வேண்டாம். மொஸ்கோவுக்குக் கிட்ட மோனினோ அருங்காட்சியகத்தில் திறந்த வெளியில் நிற்பவையும் அப்படித்தான், வெயிலும் பனியும் தின்று, திரும்பப் பூசி நிற்பவை.

தூரிகை_நிலாவெளி:

வெளி நிறத்தை அண்ணாமார் சொல்லிவிட்டார்கள், நான் விமானி அறைக்கு வருகிறேன். மிக்-21பிஸ் என்றால் நீலப்பச்சை சரி. எஃப்-13 மாதிரியான ஆரம்ப மிக்-21களுக்குச் சாம்பல், அதைக் கலந்துவிடாதீர்கள்.

தமியாவில் எக்ஸ்எஃப்-2 வெள்ளையை அடியாக எடுங்கள். எக்ஸ்எஃப்-8 நீலத்தைத் துளித்துளியாக விட்டு வான நீலம் வரும்வரை கலக்குங்கள், பிறகு எக்ஸ்எஃப்-5 பச்சை. பச்சை விழுந்ததும் கலவை கொஞ்சம் மங்கி அழுக்காகத் தெரியும், அந்த இடத்தில் எக்ஸ்எஃப்-3 மஞ்சள் ஊசி முனையளவு போதும், திரும்ப உயிர் வரும். நீலத்துக்குப் பச்சையை ஊற்றிவிட்டுப் பிறகு வெள்ளையால் வெளிறவைக்கப் போனால் போத்தல் நிறைய வீணாகும். காய்ந்த பின் ஒரு படி கருமையாகும், அதனால் ஈரத்தில் கொஞ்சம் அதிகம் வெளிறியதாகவே விடுங்கள்.

கருவிப் பலகையின் நடுவில், கீழ்ப்பக்கமாக, மேலிருந்து கீழே ஒரு வெள்ளைக் கோடு இறங்கும். விமானம் சுழலில் விழுந்தால் கட்டுப்பாட்டுத் தண்டை நடுவுக்குக் கொண்டுவர விமானிக்கு அடையாளமாகப் போட்டது. 1/72இல் அது மயிரளவுதான், ஆனால் அந்தக் கோடு இருந்தால்தான் அறை சோவியத் அறையாகத் தெரியும். சில்லின் உட்பகுதி நல்ல பச்சை, எக்ஸ்-28 பச்சை எடுத்து எக்ஸ்எஃப்-5 கொஞ்சம் சேர்த்தால் வந்துவிடும். மிக்-21இன் மூக்குக் கூம்பும் வால் நுனியும் வேறொரு கரும்பச்சை, ரேடார் அலையும் வானொலி அலையும் உள்ளே புகவேண்டிய இடங்கள் அவை, உலோகமல்ல. சில்லுக்குக் கலந்த பச்சையை அங்கே அடித்துவிடாதீர்கள்.

உப்புவெளியான்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. எண்ணைத் தேடி இவ்வளவு நாள் போனதுதான் மிச்சம், நட்சத்திரத்தின் வெள்ளை வரியை இப்போதே பார்த்தேன், என்னிடம் இருந்த மண்ணிறப் படத்தில் அது நன்றாகவே மஞ்சள். அப்ப திட்டு பச்சைச் சாம்பல் என்றே போகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. அகான், மிஸ்டர் பெயின்ற் போத்தலை வெளிநாட்டு உறவினர் யாரிடமாவது சொல்லி எடுக்கலாமா? அளவு சின்னது என்பதால் நிறத்தில் வெள்ளை சேர்க்கவேண்டும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

கச்சான்_காற்று:

தம்பி, தின்னர் வகைப் பெயின்ற் தீப்பற்றும் பொருள், விமானப் பயணப் பொதியில் கொண்டுவர விடமாட்டார்கள். பார்சலிலும் சிக்கல். தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் என்றால் பிரச்சினை குறைவு, எனவே கையிலிருக்கும் தமியாவில் கலப்பதே இப்போதைக்கு வழி. ரவுணில் வாகனத்துக்கு நிறம் கலந்து கொடுக்கும் கடைகளிலும் நீங்கள் காட்டும் சாயலுக்குக் கலந்து தருவார்கள், ஆனால் அந்தத் தின்னர் நேரே பட்டால் பிளாஸ்ரிக் இளகும், நல்ல பிரைமருக்கு மேல் மெல்லிய தடவையாக மட்டும் அடியுங்கள்.

நம்ம ஊர்க் காலநிலையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் எயார்பிரஷ் துளி மொடலைத் தொடமுன்னமே காய்ந்து, மணல் தூவியதுபோலச் சொரசொரப்பாகப் படியும், அப்படிப் படிந்த சாம்பல் உண்மையைவிட வெளிறித் தெரியும். கிட்டப் பிடித்து அடியுங்கள், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டாடர் சில துளி சேருங்கள். மாரியில் நேர்மாறு, கொம்பிரஸர் குழாயிலேயே தண்ணீர் சேரும், ஈரத்தைப் பிடிக்கும் நீர்ப்பொறி இல்லாமல் அடிக்கவேண்டாம், தின்னர் சேர்ந்த லெக்கர் என்றால் ஈரம் பட்டு வெண்புகை படர்ந்ததுபோல ஆகிவிடும். நிறம் பிழை என்று நினைத்துத் திரும்பக் கலப்பீர்கள், பிழை காற்றில் இருக்கும்.

வெள்ளை சேர்ப்பது உண்மைதான். 1/72க்குப் பத்துக்கு ஒன்று வெள்ளை விட்டால் விமானம் தூரத்தில் நிற்பதுபோல இருக்கும்.

பட்டறைக்காரன்:

அந்தக் கடைசி விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன். படத்தைப் பார்த்துக் கலக்கும்போதே அந்தத் தூரமும் வெயிலும் நிறத்துக்குள் வந்துவிட்டன, அதற்கு மேல் வெள்ளை விட்டால் இரண்டு தடவை வெளிறும். அதோடு மிக்-29இல் இரண்டு நிறத்துக்கும் இடைவெளி ஏற்கனவே சின்னது, இரண்டிலும் வெள்ளை விட்டால் திட்டே மறையும். உண்மையான விமானத்துப் பெயின்ற் துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக் கலந்தவர் வெள்ளை சேர்க்கலாம், நீங்கள் அப்படிக் கலக்கவில்லை.

பிளாஸ்ரிக் கரண்டியின் பின்புறத்தில் பிரைமர் அடித்து, பாதிக்கு வெளிர் சாம்பல், பாதிக்குப் பச்சைச் சாம்பல் அடியுங்கள். முழுதாகக் காயவிட்டு விறாந்தை நிழலில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள், எல்ஈடி விளக்கின் கீழே பார்த்து முடிவெடுக்கவேண்டாம், அங்கே ஒத்துப்போகும் இரண்டு சாம்பல் வெயிலில் பிரிந்துவிடும். கை நீட்டும் தூரத்தில் இரண்டும் வேறுவேறாகத் தெரிந்து, அறையின் மறு பக்கத்திலிருந்து பார்க்கும்போது கிட்டத்தட்டக் கலந்தால் சரியான இடைவெளி.

கரண்டியின் படத்தை ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்து எடுத்து இங்கே போடுங்கள். முதலில் சாம்பலைச் சரியாக்குவோம், பச்சையை அதற்குப் பிறகு பார்க்கலாம்.