வலி நின்றதும் ஆடலாமா? அடிபட்ட பிள்ளைகள் ஆட்டத்துக்குத் திரும்பிய அனுபவங்கள்

ஒரு தாய்:

என் மகள் கூடைப்பந்து ஆடும்போது கணுக்கால் பிசகி விழுந்தாள். சுளுக்குதான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால், வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையை ஒட்டியுள்ள வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளமாக வளரும் குருத்தெலும்புப் பகுதி), மூட்டைப் பிடித்திருக்கும் தசைநாரைவிட வலுக் குறைந்தது என்பதால், பெரியவர்களுக்குச் சுளுக்கோடு போகும் அடி பிள்ளைகளுக்கு அந்தத் தட்டில் முறிவாகவும் இருக்கலாம் என்று எலும்பு மருத்துவர் விளக்கினார். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாவிட்டாலும், வெளிப்புற எலும்பை அழுத்தியபோது அவள் வலியில் துடித்ததால் மாவுக்கட்டுப் போட்டார்.

கட்டுப் பிரித்த பிறகுதான் உண்மையான தவிப்பு தொடங்கியது. வலி இல்லை, வீக்கம் வடிந்துவிட்டது, போட்டியோ நெருங்கிக்கொண்டிருந்தது. எந்தத் தேதியில் ஆடலாம் என்று நாங்கள் கேட்க, இயன்முறை மருத்துவர் தேதி எதையும் சொல்லாமல் அவளை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நல்ல காலில் கண்ணை மூடிக்கொண்டும் அசையாமல் நின்றவள், அடிபட்ட காலில் நின்றபோது பாதம் நடுங்க, இரு கைகளையும் விரித்துத் தடுமாறினாள். அதன்பின் ஒற்றைக் காலில் தாவச் செய்து, ஒவ்வொரு காலும் தாண்டிய தூரத்தை அளந்தார். நல்ல கால் தாண்டும் தூரத்தில் 90 சதவீதத்தையாவது அடிபட்ட கால் எட்ட வேண்டும். வேகமாக ஓடுவதும், சட்டென நின்று திரும்புவதும் வலியின்றி நடக்க வேண்டும். பயிற்சிக்கு மறுநாள் காலையில் வீக்கம் இருக்கக் கூடாது. இவைதான் அவர் வைத்த அளவுகோல்கள். வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியது என்பதால் கடைசியாகச் சொன்னதே எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது. அணியை விட்டுவிட மனமில்லாத பிள்ளை வலியை மறைக்கலாம்; வீக்கத்தை மறைக்க முடியாது.

உடல் தேறிய பிறகும் அவள் பந்துக்காக எம்பிக் குதிக்கத் தயங்கினாள். அந்தப் பயமும் தெளியும்வரை போட்டிக்கு அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்:

தலையில் படும் அடிக்கு இந்த அளவுகோல்கள் போதாது. என்னிடம் பயிலும் சிறுவன் ஒருவன் சக வீரனின் தலையோடு மோதி விழுந்து, உடனே எழுந்து, தனக்கு ஒன்றுமில்லை என்றான். ஆனால், கோல் அடித்தது யார் என்று கேட்டுப் பதில் பெற்றவன், சற்று நேரத்தில் அதையே மீண்டும் கேட்டான். மூளையதிர்ச்சி என்ற சந்தேகம் எழுந்தாலே அன்று மீண்டும் களமிறக்கக் கூடாது என்பது விதி. எனவே, அவன் பெற்றோர் வற்புறுத்தியும் நான் இணங்காமல் மருத்துவரிடம் அனுப்பினேன்.

ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் மெதுவான நடை, பிறகு ஓட்டம், பந்துப் பயிற்சி, மருத்துவர் அனுமதித்த பிறகே மோதலுள்ள பயிற்சி, இறுதியாகப் போட்டி என்று படிப்படியாகத்தான் அவன் திரும்பினான். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் தேவை. தலைவலியோ மயக்கமோ கூடினால் அடுத்த படிக்குப் போகாமல் நிறுத்த வேண்டும். வகுப்பில் முழு நாளும் சிரமமின்றி உட்கார்ந்து படிக்க முடியாத பிள்ளையைப் போட்டியில் இறக்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

ஒரு தந்தை:

என் மகனுக்கு முழங்காலின் முன்புறத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை நடந்தது. குறைந்தது 9 மாதம் ஆக வேண்டும், இளவயதினருக்கு அது மீண்டும் கிழியும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். அந்தக் காலம் கடந்துவிட்டது. இருந்தும், குதித்து இறங்கும்போது அவனுடைய முழங்கால் உட்புறமாகச் சாய்வதாலும் தொடைத் தசை இன்னும் பலம் பெறாததாலும் காத்திருக்கிறோம். மருத்துவரின் கடிதத்தைப் பயிற்சியாளரிடம் நானே நேரில் கொடுத்துவிட்டதால், ஏன் வரவில்லை என்று அணியினர் கேட்கும் கேள்விக்கு அவன் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.