புதுப்பிப்பு: எட்டாமிட வருஷ லக்னம்

தம்பியின் 2024 வருஷபல ஜாதகத்தை (அந்தப் பிறந்தநாள் முதல் ஓராண்டுக்குப் போடும் ஜாதகம்) பற்றி முன்பு கேட்டிருந்தேன்: பிறந்த ஜாதகத்தின் ஜன்ம லக்னம் கடகம், இந்த வருஷ ஜாதகத்தின் வருஷ லக்னம் கும்பம், அதாவது ஜன்ம லக்னத்துக்கு ஆகாத எட்டாமிடம். பயப்படணுமா?

உட்கார்ந்து பார்த்தாச்சு. 34 வயது முடிந்ததால், 12-ஆல் வகுத்த மீதி 10. முந்தா என்பது ஜன்ம லக்னத்தில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு ராசி நகரும் புள்ளி; கடகத்திலிருந்து பத்து ராசி தள்ளினால் அது ரிஷபத்தில். ஜன்மத்துக்குப் பதினொன்று என்று சிலர் குஷிப்படுத்தினார்கள். ஆனால் தாஜிகத்தில் (வருஷபலம் பார்க்கும் ஜோதிட முறை) வருஷ லக்னத்திலிருந்துதான் முந்தாவை எடைபோடணும். அங்கே அது நாலாமிடம், நல்ல இடமில்லை. முந்தா நிற்கும் ராசிக்கு அதிபதியான சுக்கிரன் (முந்தாதிபதி) கடகத்தில், வருஷ லக்னத்துக்கு ஆறில். ஆறாமிடத்திலிருந்து லக்னத்துக்குத் தாஜிகப் பார்வை கிடையாது; வருஷாதிபதி, அதாவது அந்த வருஷத்தை ஆளும் கிரகம், லக்னத்தைப் பார்க்கணும். எனவே அந்தப் போட்டியில் அவர் இல்லை.

போட்டியில் மிச்சமிருக்கும் கிரகங்களில் என் ஓட்டு வருஷ லக்னத்தின் அதிபதியான சனிக்கு: வக்கிரம் (பின்னோக்கிய நகர்வு) என்றாலும் வருஷ லக்னத்திலேயே ஆட்சி, அதாவது சொந்த ராசியில். எட்டாமிடம் என்ற மிரட்டல் அதிலேயே பாதி அடங்கிவிடுகிறது. கிரகங்களின் வலுவை அளக்கும் பஞ்சவர்க்க பலம் மட்டும் இன்னும் போடலை.